தன் சச்சரவுகளையே பாடமாக்கிய நாடு

கனடாவின் சஸ்காட்சவான் மாகாணச் சட்டமன்றம் 1961இல் கனிம ஒப்பந்தங்கள் தொடர்பாக ஒரு மசோதாவை நிறைவேற்றியது. டாமி டக்ளஸ் தலைமையில் அங்கே சோஷலிச அரசு நடந்துகொண்டிருந்தது. தலைநகர் ஒட்டாவாவில் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஆட்சி. பிரதமர் ஜான் டீஃபன்பேக்கர். மசோதா ஒப்புதலுக்குப் போனபோது மாகாணத் துணைநிலை ஆளுநர் பிராங்க் பாஸ்டெடோ கையெழுத்திடவில்லை. மத்திய அரசு முடிவெடுக்கட்டும் என்று ஒதுக்கி வைத்துவிட்டார். டீஃபன்பேக்கரை அவர் கலந்து பேசவே இல்லை. மாற்றுக் கட்சி ஆளும் மாகாணத்தை மடக்கக் கிடைத்த வாய்ப்பாகப் பிரதமர் அதைப் பயன்படுத்தவில்லை. சில வாரங்களுக்குள் ஒட்டாவா அந்த மசோதாவுக்கு ஒப்புதல் அளித்தது. அதற்குப் பிறகு, இந்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில், கனடாவின் எந்த மாகாண ஆளுநரும் ஒரு மசோதாவைக்கூட அப்படி ஒதுக்கி வைத்ததில்லை.

ஆளுநரிடம் தேங்கிய மசோதாக்களுக்காக உச்ச நீதிமன்றம்வரை சென்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடு. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த அரசியல் சாசன அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று சொன்னதையும் பார்த்தோம். நம் அரசமைப்பின் 200, 201 ஆகிய கூறுகளில் உள்ள அதிகாரமும் கனடாவின் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள அதிகாரமும் ஒரே பிரிட்டிஷ் காலனிய வேரிலிருந்து முளைத்தவை. அங்கே அந்தப் பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை, ஏட்டில் அப்படியே இருக்கிறது. மாகாணச் சட்டங்களை ரத்து செய்யும் இன்னொரு அதிகாரமும் ஒட்டாவாவுக்கு உண்டு. 1867 முதல் 1943 வரை 112 சட்டங்கள் அப்படி ரத்தாயின. பிறகு ஒன்றுகூட இல்லை.

எழுத்தில் உயிரோடிருக்கும் ஓர் அதிகாரம் நடப்பில் எப்படிச் செத்துப்போகிறது? கனடியப் பல்கலைக்கழகங்களில் அரசியல் அறிவியல் படிக்கும் மாணவருக்கு இது அடிப்படைக் கேள்வி. 1981இல் கனடிய உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு வழி காட்டியது. அரசமைப்பை மாற்ற மாகாணங்களின் சம்மதம் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் அரசியல் மரபுப்படி கணிசமான மாகாணங்களின் சம்மதம் வேண்டும் என்றது அந்த நீதிமன்றம். எல்லா அதிகாரத்தையும் சட்ட வாசகத்தில் மட்டுமே தேடிப் பழகிய நமக்கு, மரபும் ஒரு நாட்டை ஆளும் என்பது புதிய பாடம்.

தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் கணினி அறிவியல், பொறியியல், வணிக மேலாண்மை ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் நாடுகிறார்கள். ‘அரசியல் அறிவியல்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைப் படிக்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றுதான் வீட்டில் கேட்பார்கள். என் எண்ணம் நேர்மாறானது. கணினி அறிவியலைப் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் படித்துக்கொள்ளலாம். கனடா நமக்கென்றே சொல்லித்தர வைத்திருப்பது இந்தப் பாடத்தைத்தான். மொழிச் சண்டை, மாநில உரிமை, பிரிவினைக் கோரிக்கை, பூர்வகுடிகளின் நிலம், தேர்தல் முறையின் அநீதி என்று தமிழர்கள் இரண்டு நாடுகளில் பட்டறிந்த எல்லாமே அங்கே ஆட்சியாளரின் தலைவலியாகவும் இருக்கின்றன, மாணவரின் தேர்வுக் கேள்வியாகவும் இருக்கின்றன.

அங்கும் இந்தத் துறை தொடக்கத்தில் இப்படி இல்லை. டொரண்டோ பல்கலைக்கழகத்தில் 1888இல் அது அரசியல் பொருளாதாரம் என்ற பெயரில் பிறந்தது; பொருளாதாரமும் அரசியலும் தனித்தனித் துறைகளாகப் பிரிய 1982 வரை ஆயிற்று. மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இத்துறையை நெடுங்காலம் நடத்திய ஸ்டீபன் லீகாக்கை உலகம் நகைச்சுவை எழுத்தாளராகவே அறியும். 1906இல் அவர் எழுதிய அரசியல் அறிவியல் பாடநூல் பல நாடுகளில் படிக்கப்பட்டது. கனடிய அரசியல் அறிவியல் சங்கம் 1913இல் தோன்றியது. 1960களில் பல்கலைக்கழகங்கள் வேகமாகப் பெருகியபோது ஆசிரியர்கள் பெருமளவில் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள்; பாடநூல்களும் கூடவே வந்தன. தம் பிள்ளைகள் வாஷிங்டனைப் பற்றி அறிந்த அளவுக்கு ஒட்டாவாவைப் பற்றி அறியவில்லையே என்று கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் ராபின் மாத்யூஸும் ஜேம்ஸ் ஸ்டீலும் குரல் எழுப்பினார்கள். பெரிய விவாதம் மூண்டது. இன்று கனடியத் துறைகளில் ‘கனடிய அரசியல்’ தனிப் பிரிவாக நிமிர்ந்து நிற்பதில் அந்த விவாதத்துக்குப் பெரும் பங்குண்டு. தன் நாட்டைப் பற்றித் தானே கோட்பாடு செய்துகொள்ள வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கியூபெக்கை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு பேசும் அந்த மாகாணத்தின் மனக்குறையை ஆராய 1963இல் ஓர் அரச ஆணையம் அமைந்தது. நம் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றியதும் அதே ஆண்டுதான். கனடா 1969இல் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் மத்திய அரசின் சம ஆட்சிமொழிகள் ஆக்கியது. கியூபெக்குக்கு அது போதவில்லை. 1977இல் தன் மண்ணில் பிரெஞ்சுக்கே முதலிடம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1980இல் பிரிந்துபோவது பற்றி வாக்கெடுப்பு நடத்தித் தோற்றது. 1995இல் மறுபடியும் நடத்தியது. வாக்காளர்களில் 93 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். ‘வேண்டாம்’ என்றவர்கள் 50.58 சதவீதம், ‘வேண்டும்’ என்றவர்கள் 49.42 சதவீதம். ஒரு பெரிய நாடு 54,288 வாக்குகளில் பிழைத்தது.

வாக்கெடுப்பு கேட்டவர்களை யாரும் சிறையில் தள்ளவில்லை. கனடிய அரசு உச்ச நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. 1998இல் வந்த பதிலை, கூட்டாட்சி பற்றி எழுதப்பட்ட நீதிமன்ற ஆவணங்களில் தலைசிறந்த ஒன்றாக நான் கருதுகிறேன். கியூபெக் தன்னிச்சையாகப் பிரிந்துபோக முடியாது. ஆனால் தெளிவான ஒரு கேள்விக்கு மக்கள் தெளிவான பெரும்பான்மையில் ஆம் என்று சொல்லிவிட்டால், நாட்டின் மற்றப் பகுதிகள் அதைக் காதில் வாங்காமல் இருக்க முடியாது. பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும். இந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக 2000இல் வந்த தெளிவுச் சட்டத்துக்குப் பின்னால் நின்ற அமைச்சர் ஸ்டெஃபான் டியோன், மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய தந்தை லியோன் டியோனும் லவால் பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தின் பேராசிரியர். 1963இல் அமைந்த அந்த ஆணையத்தின் ஆய்வுப் பணியில் பங்கெடுத்தவர்.

நம் பக்கம் திரும்பினால், இந்தியாவில் 1963இல் பிரிவினைக் கோரிக்கைக்குக் கடிவாளமிட்ட 16ஆவது திருத்தம் வந்தது. திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. இலங்கையில் 1983இல் ஆறாவது திருத்தம், பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாத தமிழ் உறுப்பினர்களின் நாடாளுமன்ற இடங்களைப் பறித்தது. பிரிவினை சரியா, தவறா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அதைப் பற்றி வகுப்பறையில் அச்சமின்றிப் பேச முடியுமா என்பதே என் கேள்வி. பிரிவினையை ஆதரிக்கும் மாணவரும் எதிர்க்கும் மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து 1998 தீர்ப்பைப் பத்தி பத்தியாக அலசும் வகுப்பு, என் பார்வையில், எந்தப் படைமுகாமையும்விட நாட்டின் ஒற்றுமைக்கு உறுதியானது.

தேர்தல் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடிய அரசியல் அறிவியல் இதழின் முதல் ஆண்டான 1968இல் ஆலன் கெயின்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். அதிக வாக்கு பெற்றவர் வென்றார் என்ற முறை, ஒரே வட்டாரத்தில் செறிந்த கட்சிக்கு அள்ளிக் கொடுக்கும், நாடெங்கும் பரவிய ஆதரவுள்ள கட்சியைத் தண்டிக்கும், வட்டாரப் பகையை ஊதிப் பெருக்கும் என்பது அவர் வாதம். கால் நூற்றாண்டு கழித்து, 1993 தேர்தலில், நாட்டை ஆண்டுகொண்டிருந்த முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி 16 சதவீத வாக்கு வாங்கியது. கிடைத்த இடங்கள் 2. கியூபெக்கில் மட்டும் போட்டியிட்ட பிளாக் கட்சி 13.5 சதவீத வாக்கில் 54 இடங்களை வென்றது. நாட்டைப் பிரிக்க வந்த கட்சி அந்த நாட்டின் அதிகாரபூர்வ எதிர்க்கட்சி ஆனது! நாமும் அதே முறையில்தான் வாக்களிக்கிறோம். ஆனால் சதவீதத்துக்கும் இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளி நம் ஊரில் தேர்தல் முடிவு வந்த வாரத்தில் பேசப்பட்டு, அடுத்த வாரம் மறந்துபோகிறது.

இந்தப் பாடத்துக்கும் தமிழர்களுக்கும் ஏற்கெனவே ஓர் உறவு இருக்கிறது. அதை நம்மில் பலர் அறியாதது வருத்தம் தருகிறது. ஏ. ஜெயரத்தினம் வில்சன் பேராதனையில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தவர். இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கி, கூட்டாட்சியை வாழ்நாள் கோரிக்கையாகக் கொண்ட தந்தை செல்வாவின் மருமகன். 1972இல் அவர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நியூ பிரன்ஸ்விக், கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டுமே ஆட்சிமொழியாக உள்ள ஒரே மாகாணம். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்ட நாட்டிலிருந்து போனவர், சிறுபான்மையின் மொழிக்கு 1969இல் சம இடம் கொடுத்த மண்ணில் நின்று பாடம் நடத்தினார்.

பாடம் நடத்தியதோடு அவர் நிற்கவில்லை. 1978க்குப் பிறகு ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையே தூதராகவும் ஆலோசகராகவும் இருந்தார். மாவட்ட அபிவிருத்திச் சபைகள் என்ற ஏற்பாட்டின் மூலம் ஓரளவாவது அதிகாரம் பரவும் என்று நம்பினார். 1981இல் அந்தச் சபைகளுக்கான தேர்தல் நேரத்தில்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு நம்புவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. 1988இல் வெளியான அவரது நூலின் தலைப்பே இலங்கை உடைவதைப் பற்றியது. 2000இல் டொரண்டோவில் காலமானார். ஒரு நாடு எப்படி உடைகிறது என்பதை உள்ளிருந்து கண்டு, எப்படி உடையாமல் இருக்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டான இடத்தில் உட்கார்ந்து எழுதிய இன்னொரு தமிழ் அறிஞரை எனக்குத் தெரியாது. 2002 டிசம்பரில் ஆஸ்லோ பேச்சுவார்த்தையில் கூட்டாட்சித் தீர்வை ஆராய இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் இசைந்தபோது அவர் உயிரோடு இல்லை. கூட்டாட்சிகள் பற்றிய ஆலோசனையுடன் அந்த முயற்சிக்கு உதவ வந்த அமைப்புகளில் ஒன்று ஒட்டாவாவிலிருந்து வந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, கனடாவைப் புனிதத் தலமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பூர்வகுடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த நாடு அது. அந்தக் கொடுமையை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. அந்தப் பள்ளிகளின் உருவாக்கத்தோடு தொடர்புள்ள எகர்ட்டன் ரயர்சனின் பெயரைத் தாங்கிய, டொரண்டோ நகரின் இன்னொரு பல்கலைக்கழகம் 2022இல் பெயரையே மாற்றிக்கொண்டது. பாடத்திட்டத்திலும் இந்தச் சண்டை நுழைந்துவிட்டது. பண்பாட்டுச் சிறுபான்மைகளை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர்கள் மெக்கில்லின் சார்லஸ் டெய்லரும் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில் கிம்லிக்காவும். யெல்லோநைவ்ஸ் தெனே இனத்தவரான கிளென் கோல்தார்ட், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பிப்பவர், 2014இல் எழுதிய நூலில் டெய்லரின் வாதத்தின் மீது நேராகவே கை வைத்தார். நிலத்தைப் பிடித்துக்கொண்ட அரசிடமே அங்கீகாரம் கேட்டு நிற்பது காலனியத்தை முடிப்பதில்லை, அதை நீட்டிக்கிறது என்றார். மாணவர்கள் இந்த இரு தரப்பையும் சேர்த்துப் படிக்கிறார்கள். 1983இல் அகதிச் சிறுவனாக இலங்கையிலிருந்து வந்த கெரி ஆனந்தசங்கரி 2023இல் பூர்வகுடிகளோடான அரச உறவுகளுக்கு அமைச்சர் ஆனார் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். நாம் அங்கே குடியேறிகள். இன்னொருவர் நிலத்தில் உரிமை பெற்றவர்கள். புலம்பெயர்ந்த தமிழர் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் பார்க்க இந்தப் படிப்பு கற்றுக்கொடுக்கும்.

வகுப்பறை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாண்டு விரிவுரையில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருப்பார்கள். உண்மையான படிப்பு அதற்கு வெளியே, முனைவர் பட்ட மாணவர் நடத்தும் சிறு குழுக்களில் நடக்கும். அங்கே வாய் திறந்து பேசுவதற்கே மதிப்பெண் உண்டு. வாரந்தோறும் நூல் பகுதிகளும் கட்டுரைகளும் படித்துவிட்டு வர வேண்டும். பருவத்துக்கு ஒன்றிரண்டு நீண்ட கட்டுரைகள். அவற்றில் அறிஞர்கள் சொன்னதைத் தொகுத்துக் கொடுத்தால் நல்ல மதிப்பெண் வராது. உன் வாதம் என்ன, அதற்கு என்ன சான்று, எதிர்த் தரப்புக்கு என்ன பதில் என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள். மனப்பாடத்தில் முதலிடம் பெற்றுப் போகும் நம் பிள்ளைகள் முதல் பருவத்தில் திணறுவது இங்கேதான். ஆசிரியரிடம் மாறுபடுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் போக நாளாகும். போன பிறகு அவர்கள் எழுதும் எழுத்து வேறாக இருக்கும். புள்ளியியலும் உண்டு, கணக்குக்குப் பயந்து இந்தப் பாடத்துக்குள் ஒளிய முடியாது.

பணத்தைப் பற்றி மறைக்கக் கூடாது. டொரண்டோ போன்ற இடத்தில் வெளிநாட்டு மாணவரின் இளநிலைக் கட்டணம் ஆண்டுக்கு 60,000 கனடிய டாலரைத் தாண்டிவிட்டது. உள்ளூர் மாணவர் கட்டுவதைப் போல அது பல மடங்கு. மாகாண அரசுகள் கையை இறுக்கிய இடத்தை வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்தால் நிரப்பும் இந்த வழக்கம் அநியாயம் என்றே சொல்வேன். நிலத்தை விற்று இளநிலைக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்னையிலோ டெல்லியிலோ இளநிலையை முடித்துவிட்டு, உதவித்தொகையோடு முதுநிலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ போவது புத்திசாலித்தனம். விசா விதிகள் 2024 முதல் இறுகிவிட்டன. படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியில் அந்த ஆண்டு நவம்பரில் கொண்டுவந்த பாடப்பிரிவுக் கட்டுப்பாடு பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்குப் பொருந்தாது. ஆகவே அரசியல் அறிவியல் படித்ததாலேயே கதவு மூடிவிடாது. ஆனால் மத்திய அரசுப் பணிகளில் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்குமே முன்னுரிமை. பட்டம் வாங்கிய கையோடு ஒட்டாவா அலுவலகத்தில் நாற்காலி காத்திருக்கும் என்று எந்த முகவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தமிழ்நாடு அரசு 2025இல் மாநில சுயாட்சியை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்தது. 1969இல் ராஜமன்னார் குழு அமைத்ததும் இதே மாநிலம்தான். இப்படிக் குழுக்கள் அமைக்கும் மாநிலத்துக்கு, ஒவ்வொரு வாதத்தையும் உலகத்தின் பிற கூட்டாட்சிகளோடு உரசிப் பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் தொடர்ந்து தேவை. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் வெளிநாட்டு உயர்கல்விக்கு அரசு ஏற்கெனவே உதவித்தொகை தருகிறது. அதில் அரசமைப்பு, கூட்டாட்சி ஆய்வுக்கென்று சில இடங்களைத் தனியாக ஒதுக்கலாம். நம் பல்கலைக்கழகங்களின் அரசியல் துறைகள் நியூ பிரன்ஸ்விக்கோடும் கியூபெக்கின் பல்கலைக்கழகங்களோடும் ஆய்வாளர் பரிமாற்றத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். டொரண்டோ ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழர்கள் பணம் திரட்டித் தமிழ் இருக்கை அமைத்திருக்கிறார்கள். அதே ஊக்கத்தோடு கூட்டாட்சி ஆய்வுக்கு ஒரு நல்கையை, வில்சனின் பெயரிலேயே, ஏற்படுத்த அங்குள்ள தமிழ் அமைப்புகள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போக முடிவெடுத்த மாணவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதே பிரெஞ்சு படிக்கத் தொடங்குங்கள். லவாலிலும் மான்ட்ரியலிலும் எழுதப்படும் அரசியல் அறிவியலில் பெரும்பகுதி ஆங்கிலத்துக்கு வருவதில்லை. ஆங்கில கனடாவில் படிக்கும் பலர் அதைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பான்மையின் மொழியில் மட்டும் படித்துவிட்டு கியூபெக்கைப் பற்றி எழுதுவது, தமிழே தெரியாமல் 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி எழுதுவதற்குச் சமம்.